கூடைக்காரியின் கைமுதல்

நமது தேசத்தின் வியாபாரத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஆலைகளையும், பாங்கிகளையும், துறைமுகங்களையும் பற்றியே பேசுகின்றனர். தலையிற் கூடையுடன் தெருத் தெருவாய்ச் செல்லும் மீன்காரியும், கோயில் வாயிலில் பூத்தொடுத்து விற்பவளும், வீட்டுத் திண்ணையில் இட்லிக் கொப்பரையை ஏற்றிவைத்து அண்டை அயலாரின் பசியை ஆற்றுபவளும் வியாபாரிகள் என்னும் பெயருக்கே உரியவரல்லர் என்பதுபோல் நாம் நடந்து வருகிறோம். உண்மையோ வேறு. அர்ஜுன் சென்குப்தாவின் தலைமையில் மத்திய சர்க்கார் நியமித்த கமிஷன் 2007-ம் வருஷத்தில் அளித்த அறிக்கையிலே, இந்தியாவில் உழைப்போருள் 100-க்கு 90 பேருக்கு மேற்பட்டவர் சேமநிதியோ, ஓய்வுச் சம்பளமோ, வேலைக்கு உறுதியோ இல்லாத முறைசாராத் தொழில்களில் இருப்பவர் என்று கண்டிருக்கிறது. உழைக்கும் மாதரிலும் மிகப் பெரும்பாலோர் இவ்வகுப்பினரே. இவர்களை விட்டுவிட்டுத் தேசத்தின் பொருளாதாரத்தைப் பேசுவது, வேரை விட்டுவிட்டு மரத்தைப் பேசுவதாகும்.

இம்மாதருடைய சிறு வியாபாரம் எதனால் தழைக்கிறது, எதனால் வாடுகிறது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம். ஒரே தெருவில், ஒரே சரக்கை, ஒரே தொகையைப் போட்டு விற்கும் இருவரில் ஒருத்தி பத்து வருஷத்தில் தன் மக்களைப் படிக்க வைத்துவிடுகிறாள். மற்றொருத்தி பத்து மாதத்தில் கடன்பட்டுக் கடையை எடுத்துவிடுகிறாள். இதற்கு முதலின் குறைவும், திறமையின் குறைவுமே காரணம் என்று சொல்வது வழக்கம். அவையும் காரணமே. ஆனால் அவற்றினும் வலிய காரணம் ஒன்றுண்டு. அவளுக்கு யார் யாரைத் தெரியும், அவளை நம்புவோர் யார், அவள் சொல்லுக்கு நிற்போர் எத்தனை பேர் என்பதே அது. மனிதரோடு மனிதருக்குள்ள இந்தப் பின்னலே கூடைக்காரியின் மெய்யான கைமுதல்.

கண்ணுக்குத் தெரியாத முதல்

பூ விற்கும் ஒரு மாதின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் அவள் மண்டிக்குப் போகிறாள். கையில் முழுப்பணம் இல்லை. மண்டிக்காரர் அவளை அறிவார். அல்லது அவளை அறிந்த ஒருத்தியை அறிவார். அந்த அறிமுகத்தின் பேரில் சரக்குக் கடனாக வருகிறது. பாக்கியை மாலையிலோ மறுநாளிலோ கொடுத்தால் போதும். அன்றைய விலை இன்னது என்பதைப் பக்கத்தில் நிற்கும் மற்றொரு பூக்காரியே அவளுக்குச் சொல்கிறாள். சுமையைத் தனியே வண்டியில் ஏற்றிவரக் கட்டாது. நால்வர் கூடி ஒரு வண்டி பேசுகின்றனர்.

நடைபாதையில் அவள் உட்காரும் இடம் எந்தப் பத்திரத்திலும் எழுதப்பட்டதன்று. அவள் தாயோ மாமியோ உட்கார்ந்த இடம் அது. இருபுறத்திலும் உட்காருவோர் ஒப்புக்கொள்வதனாலேயே அவளுடையதாக நிற்கிறது. அவள் காய்ச்சலாய்க் கிடந்தால் இடத்தைக் காப்பவளும், அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்பவளும், முனிசிபாலிடி வண்டி வருகிறதென்று முதலிற் குரல் கொடுப்பவளும் அயற்கடைக்காரியே. வாடிக்கைக்காரரும் பெரும்பாலும் தெரிந்தவர் வழியாக வந்தவரே. மாதக் கடைசியில் ஒரு சிறு தொகை சேருகிறதென்றால், அதுவும் தெருவில் போடும் சீட்டினால் சேருவது.

சரக்கு, விலை, இடம், காவல், குழந்தை, வாடிக்கை, சேமிப்பு ஆகிய ஏழிலும் ஒரு மனித உறவு நின்று வேலை செய்கிறது. பெரிய வியாபாரிக்கு இவை ஒவ்வொன்றையும் பணம் வாங்கித் தந்துவிடும். கிடங்கும், குமாஸ்தாவும், வக்கீலும், பாங்கிக் கணக்கும் அவனுக்கு உண்டு. கூடைக்காரிக்கு அந்த ஸ்தானங்களிலெல்லாம் உறவினரும் அயலாரும் நிற்கின்றனர். ஆகவே அவளுக்கு நேரும் நன்மை தீமைகளை அறிய விரும்புவோர் அவள் பெட்டியை எண்ணுவதோடு நில்லாமல், அவளைச் சூழ்ந்துள்ள மனிதரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தண்டற்காரன் கணக்கு

பாங்கி அவளுக்குக் கடன் கொடாமைக்குக் காரணம் அவள் ஏழை என்பது மட்டுமன்று. அவளைப் பற்றி அது ஒன்றும் அறியாது. ஜாமீன் கேட்கிறது, சொத்துக் கேட்கிறது, இரண்டும் அவளிடம் இல்லை. தண்டற்காரனோ அவள் வீட்டையும், கடையையும், அவள் நாள்தோறும் விற்பதையும் அறிவான். அந்த அறிவுக்கு அவன் வாங்கும் விலை மிகக் கொடியது.

வழக்கமான தண்டல் ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1,000 ரூபாய் என்று எழுதி, 100 ரூபாயை முன்னரே பிடித்துக்கொண்டு, 900 ரூபாய் கையிற் கொடுக்கிறார்கள். தினம் 10 ரூபாய் வீதம் 100 நாளில் தீர்க்க வேண்டும். 100 ரூபாய்தானே வட்டி என்று மேற்போக்காய்த் தோன்றும். ஆனால் அவள் நாள்தோறும் திருப்பிக் கொடுத்து வருவதால், சராசரியாக அவளிடம் நிற்கும் தொகை ஏறக்குறைய 450 ரூபாயே. 450-க்கு 100 நாளில் 100 வட்டி எனில், வருஷக் கணக்கில் அது 100-க்கு 80 ஆகிறது. காலையில் 900 கொடுத்து மாலையில் 1,000 வாங்கும் வழக்கத்துக்கு வருஷ வட்டி போடுவதே வீண். ஒன்பது நாளில் வட்டி மட்டும் முதலளவு ஆகிவிடும்!

இதற்கு மாற்றாகப் பெண்மக்கள் தாமே கண்டுகொண்ட வழி சீட்டு. இருபது பேர் மாதம் 500 ரூபாய் போட்டால், மாதந்தோறும் ஒருத்தி கைக்கு 10,000 ரூபாய் வருகிறது. பத்திரமில்லை, ஜாமீனில்லை. முதல் மாதத்தில் எடுத்தவள் மீதி மாதங்களிற் கட்டாமல் ஓடிவிடாதிருப்பதற்கு என்ன காப்பு? அவளுடைய மானமே காப்பு. அந்தத் தெருவில் அவள் நாளையும் வாழவேண்டும் என்பதே பத்திரம். மணிப்பூரில் இதை 'மாருப்' என்கின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவில் கானா தேசத்துச் சந்தைகளில் 'சூசு' என்ற பெயரில் இவ்வகைச் சேமிப்பு வழங்குகிறது. ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளாமலே உலகின் பல மூலைகளிலும் மாதர் ஒரே உபாயத்தைக் கண்டிருக்கின்றனர் என்றால், அதன் தேவை எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும்.

இம்பால் நகரத்துத் தாய்மார்

மாதரின் வியாபாரக் கட்டு எவ்வளவு வலிமை பெறக்கூடும் என்பதற்கு மணிப்பூர் ராஜ்யத்தின் தலைநகரான இம்பாலிலுள்ள 'இமா கெய்தெல்' என்னும் சந்தையே தக்க சான்று. 'தாய்மார் சந்தை' என்பது அதன் பொருள். ஆயிரக் கணக்கான மாதர் அங்கே காய்கறியும், மீனும், கைத்தறித் துணியும் விற்கின்றனர். கடை வைத்திருப்போர் அனைவரும் ஸ்திரீகளே. இடம் தாயிடமிருந்து மகளுக்கோ மருமகளுக்கோ செல்வது வழக்கம். ஆண்மக்கள் கட்டாய ஊழியத்துக்கும் யுத்தத்துக்கும் சென்ற பழைய காலத்தில், விளைவதும் விற்பதும் பெண்மக்கள் கையில் நின்றதனால் இச்சந்தை வேரூன்றிற்று என்பர்.

இந்தச் சந்தை வெறும் வியாபார ஸ்தலமாக நின்றுவிடவில்லை. 1939-ம் வருஷம் டிசம்பர் மாதம், மணிப்பூர் அரிசி வெளியூர்களுக்கு ஏற்றுமதியாகி உள்ளூரில் பஞ்சம் நேர்ந்தபோது, திரண்டெழுந்தவர்கள் இச்சந்தைத் தாய்மாரே. மகாராஜாவின் தர்பார் தலைவராயிருந்த வெள்ளை அதிகாரியைத் தந்தி ஆபீஸில் சூழ்ந்துகொண்டு, ஏற்றுமதியை நிறுத்தும்படி வற்புறுத்தினர். துருப்புக்கள் வந்தன, மாதர் பலர் காயமுற்றனர். எனினும் கிளர்ச்சி அடங்கவில்லை. மணிப்பூரார் இதனை 'நுபி லான்', அதாவது பெண்கள் போர், என்று இன்றும் ஆண்டுதோறும் கொண்டாடுகின்றனர். முன்னர் 1904-லும் இவ்வாறே ஒரு பெண்கள் போர் நடந்தது.

இதிலே தேசத் தொண்டர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. அத்தாய்மாரைத் திரட்டுவதற்குப் பிரசங்கிகள் ஊர் ஊராய்ச் செல்ல வேண்டியிருக்கவில்லை. நாள்தோறும் அருகருகே உட்கார்ந்து, விலை பேசி, கைமாற்றுக் கொடுத்து வாங்கி, ஒருவர் துன்பத்தை ஒருவர் அறிந்திருந்தவர்கள் அவர்கள். வியாபாரத்துக்காக ஏற்பட்ட கட்டு நியாயத்துக்காகவும் நின்றது.

ஆமதாபாத்தில் எழுந்த சங்கம்

இயல்பாக அமைந்த கட்டு ஒன்று. முயன்று அமைத்த கட்டு மற்றொன்று. பின்னதற்கு ஆமதாபாத் உதாரணம். 1918-ம் வருஷத்து மில் வேலை நிறுத்தத்துக்குப் பின் காந்தியடிகளின் வழிகாட்டலில் ஸ்ரீமதி அனசூயா சாராபாய் முதலியோர் 1920-ல் நிறுவிய நெசவாலைத் தொழிற் சங்கத்தை நமது வாசகர்கள் அறிவார்கள். அச்சங்கத்தின் மாதர் பகுதிக்குத் தலைமை வகித்தவர் ஸ்ரீமதி எலா பட். 1971-ம் வருஷத்தில், துணிச் சந்தையில் சுமை தூக்கும் மாதர் சிலர் அவரிடம் வந்து, தங்களுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்று முறையிட்டனர். அவர் அதைப் பத்திரிகையில் எழுதினார். துணி வியாபாரிகள் அதை மறுத்து, தாங்கள் நியாயமான கூலியே கொடுப்பதாகத் தாமும் எழுதினர். எலா பட் என்ன செய்தார்? வியாபாரிகள் கொடுப்பதாகச் சொன்ன கூலி விகிதத்தையே அட்டைகளில் அச்சிட்டுச் சுமை தூக்குவோர் கையில் கொடுத்தார்! சொன்ன சொல்லிலிருந்து வியாபாரிகள் பின்வாங்க இடமில்லாமற் போயிற்று.

இச்செய்தி பழந்துணி விற்கும் மாதரின் காதுக்கு எட்டிற்று. பழைய துணியைப் பாத்திரத்துக்கு மாற்றாக வாங்கி, தைத்துத் துவைத்து விற்போர் அவர்கள். 1971 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்டவர் ஒரு பூங்காவில் கூடினர். நமக்கென ஒரு சங்கம் வேண்டும் என்ற யோசனை அக்கூட்டத்தில் இருந்த ஒரு மாதினிடமிருந்தே பிறந்தது. இவ்வாறு 1972-ம் வருஷம் ஏப்ரலில் 'ஸேவா' என்னும் சுயதொழில் மாதர் சங்கம் பதிவாயிற்று. அதற்குள் ஒரு தடை. முதலாளி இல்லாதவர்களுக்குத் தொழிற் சங்கம் ஏது, யாரை எதிர்த்துப் போராடுவீர்கள் என்று பதிவு அதிகாரிகள் கேட்டனர். சங்கம் என்பது ஒருவரை எதிர்ப்பதற்காக மட்டும் ஏற்படுவதன்று, உழைப்போரின் ஐக்கியத்துக்காக ஏற்படுவது என்பதே எலா பட் அளித்த விடை. அந்த விடை ஏற்கப்பட்டது.

பிறகு கடன் விஷயம் வந்தது. பாங்கிகள் இம்மாதரை மதிக்கவில்லை. ஆகவே 1974-ல் 4,000 மாதர், தலைக்குப் பத்து ரூபாய் போட்டு, 40,000 ரூபாய் மூலதனத்துடன் தமக்கென ஒரு கூட்டுறவு பாங்கியை நிறுவினர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாங்கி நடத்துவதெப்படி என்று அதிகாரிகள் தயங்கினர். கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துக்குத் துணையாகப் புகைப்படத்தை ஒட்டி அந்தத் தடையை நீக்கினர். மாணேக் சௌக் என்னுமிடத்தில் காய்கறி விற்கும் மாதரைப் போலீஸார் ஓயாது விரட்டியபோது, சங்கம் உச்ச நீதிமன்றம் வரையில் வழக்காடிற்று. தனியொருத்தி போலீஸ்காரருக்குக் கொடுக்கும் நாலணாவுக்கே வழியற்றவள். ஆயிரவர் ஒரு பெயரில் நின்றபோது தேசத்தின் உயர்ந்த நீதிமன்றத்தின் வாயில் திறந்தது. இன்று ஸேவாவின் அங்கத்தினர் தொகை 20 லட்சத்துக்கு மேற்பட்டது. ஸ்ரீமதி எலா பட் 2022-ம் வருஷத்தில் காலமானார்.

சென்னையிலும் பம்பாயிலும்

நமது சென்னையிலும் இவ்வழியில் ஒரு பெரு முயற்சி நடந்திருக்கிறது. காங்கிரஸ் ஊழியராயிருந்த ஸ்ரீமதி ஜெயா அருணாசலம் 1978-ம் வருஷத்தில் உழைக்கும் மகளிர் சங்கத்தை 800 அங்கத்தினருடன் ஆரம்பித்தார். அதன் முறை எளியது. ஒரே பேட்டையில் வாழும் பத்து முதல் இருபது மாதர் ஒரு குழுவாகச் சேருகின்றனர். தமக்குள் ஒருத்தியைத் தலைவியாகத் தேர்ந்துகொள்கின்றனர். ஒருவர் கடனுக்கு மற்றவர் உத்தரவாதம் ஆகின்றனர். 1969-ல் பாங்கிகள் தேசவுடைமையான பின் ஏழைகளுக்கு 100-க்கு 4 வட்டியில் கடன் தரும் திட்டம் ஏட்டில் இருந்தது, பயன்படுத்துவோர்தாம் இல்லை. சங்கம் அம்மாதரைப் பாங்கிக்கு அழைத்துச் சென்றது. 100-க்கு 80 எங்கே, 4 எங்கே! இந்த வித்தியாசத்தைச் சம்பாதித்துத் தந்தது எந்தச் சொத்துமன்று; அயலாரின் உத்தரவாதமே. சாதி வேற்றுமையையும் வரதக்ஷிணையையும் சங்கம் வெளிப்படையாகவே எதிர்த்தது.

பம்பாயில் 1959-ம் வருஷம் மார்ச் மாதம், கிர்காம் பகுதியிலுள்ள ஒரு கட்டிடத்தில் வாழ்ந்த ஏழு மாதர், 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே இன்று 'லிஜ்ஜத்' என்னும் ஸ்தாபனமாய் வளர்ந்து 40,000-க்கு மேற்பட்ட மாதருக்கு ஜீவனம் அளிக்கிறது. காலையில் கிளை நிலையத்தில் பிசைந்த மாவை வாங்கிச் சென்று, வீட்டில் அப்பளமிட்டு உலர்த்தி, மறுநாள் கொண்டுவந்து கொடுத்துக் கூலி பெறுகின்றனர். அங்கத்தினர் அனைவரும் உடைமைக்காரர், ஒருவரையொருவர் சகோதரி என்றே அழைக்கின்றனர், நன்கொடை வாங்குவதில்லை. ஒரு மாடிப்படியில் ஏறி இறங்கிய அயலாரின் பழக்கம் இவ்வளவு பெரிய தொழிலுக்கு வித்தாயிற்று.

கட்டின் மறுபுறம்

இவ்வளவும் சொன்னதனால், உறவும் அயலும் எப்போதும் நன்மையே செய்யும் என்று முடிவுகட்டுவது தவறாகும். கட்டு என்ற சொல்லுக்கே தாங்குவது, தளைப்பது என்று இரு பொருளும் உண்டல்லவா?

முதலாவது, சாதி. உறவினரையும் சொந்தத் தெருவாரையும் நம்பி நடக்கும் வியாபாரத்தில், உள்ளே இருப்பவளுக்குக் கிடைக்கும் உதவி வெளியே இருப்பவளுக்குக் கிடைப்பதில்லை. ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாது சமைத்த பண்டத்தை விற்கத் துணிந்தால், அவள் கைப்பக்குவத்தைப் பார்க்குமுன் அவள் குலத்தைக் கேட்போர் இன்னும் இருக்கின்றனர். பழைய கட்டுகளை அப்படியே புகழ்வோர் இந்த அநீதியையும் சேர்த்தே புகழ்பவராவர். சங்கம் என்பது சாதியைத் தாண்டி அமைந்தாலன்றி, அது சாதிக்கே மற்றொரு பெயராகிவிடும். 1981-ல் குஜராத்தில் இடஒதுக்கீட்டை எதிர்த்துக் கலகம் மூண்டபோது, ஸேவா ஒடுக்கப்பட்ட மக்களின் பக்கம் நின்றது. அதன் விளைவாகத் தன்னைப் பெற்ற தாய்ச் சங்கத்தினின்றும் நீக்கப்பட்டது. அந்த நஷ்டத்துக்கு அஞ்சியிருந்தால் அதன் பெயர் இன்று நிலைத்திராது.

இரண்டாவது, இல்லம். இலங்கையில் சிறு வியாபாரிகளுக்கு இனாமாக முதல் கொடுத்துச் சோதித்த ஆராய்ச்சியாளர், ஆண்களின் கடைகளில் லாபம் பெருகிற்று, மாதரின் கடைகளில் பெருகவில்லை என்று முதலிற் கண்டனர். பெண்களுக்கு வியாபாரத் திறமை குறைவு என்று சிலர் இதற்குப் பொருள் கொள்ளக்கூடும். இலங்கை, இந்தியா, கானா ஆகிய மூன்று தேசத்துக் கணக்குகளையும் மறுபடி ஆராய்ந்து 2019-ல் வெளியான கட்டுரை உண்மையை விளக்கிற்று. கணவனுக்கும் தனியே ஒரு தொழில் இருந்தால், மனைவிக்குக் கொடுத்த முதல் பெரும்பாலும் அவன் தொழிலுக்குப் போய்ச் சேருகிறது. குடும்பத்தில் வியாபாரம் செய்பவள் அவள் ஒருத்தியே எனில், அவள் ஈட்டும் லாபம் ஆண்கள் ஈட்டுவதற்குக் குறைந்ததன்று. ஆகவே குறை அவள் திறமையிலில்லை. அவள் கைப்பணம் அவள் கையில் நில்லாமையிலேயே இருக்கிறது.

மூன்றாவது, நெருக்கத்தின் குறை. ஒரே தெருவில், ஒரே தொழிலில் இருப்போருக்கு ஒரே செய்திதான் தெரியும். மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்க ஸமூக சாஸ்திரி 1973-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நெருங்கிய நண்பரினும் தூரப் பழக்கமுள்ளவரே புதிய செய்திகளைக் கொண்டுவருகின்றனர் என்று காட்டினார். தெருவில் பத்துப் பேரும் இட்லியே விற்றால், பதினோராவது பெண்ணும் இட்லிக் கடையே வைக்கிறாள். வேறு சரக்கையும் வேறு சந்தையையும் அவளுக்குக் காட்டுவார் இல்லை. இக்காலத்தில் கைப்பேசியில் வாட்ஸ்அப் மூலமாகப் புடவையும் பலகாரமும் விற்கும் மாதர் தொகை பெருகியிருக்கிறது. கருவி புதிது, விதி பழையது. வசதி படைத்தவரைத் தெரிந்தவளுக்கு அங்கும் விற்கிறது. ஏழைகளையே தெரிந்தவளுக்கு அங்கும் தேங்குகிறது.

நான்காவது, நெருக்குதல். அயலாரின் உத்தரவாதம் மாதருக்கு உதவியது போலவே, கடன் கொடுத்து லாபம் தேடும் கம்பெனிகளுக்கும் உதவக்கூடியது. ஆந்திர ராஜ்யத்தில் ஒரே மாதுக்குப் பல கம்பெனிகள் மேலும் மேலும் கடன் கொடுத்தன; தவணை தவறினால் குழுவிலுள்ள மற்றவரைத் தூண்டி அவள் வாயிலில் நிற்கவைத்தன. அவமானம் தாங்காமல் உயிர் விட்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்தன. 2010-ம் வருஷம் அக்டோபரில் அந்த ராஜ்ய சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பிக்க நேர்ந்தது. சீட்டுக்குக் காப்பாயிருந்த மானமே இங்கு உயிருக்கு எமனாயிற்று. குழு யாருடையது, அதன் லாபம் யாருக்கு என்ற கேள்வியே இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைத் தீர்மானிக்கிறது.

ஐந்தாவது, எல்லோருக்கும் ஒருசேர வரும் இடர். ஒருத்தி நோயுற்றால் பத்தொன்பது பேர் தாங்கலாம். இருபது பேரும் ஒரே நாளில் வீழ்ந்தால் தாங்குவார் யார்? 2020-ம் வருஷம் மார்ச் மாதம் கொள்ளை நோயை முன்னிட்டுத் தேசம் முழுவதும் அடைக்கப்பட்டது. மே மாதத்தில் கோயம்பேடு சந்தையும் மூடப்பட்டது. அன்றாடம் வாங்கி அன்றாடம் விற்போருக்குச் சரக்குமில்லை, வாடிக்கையுமில்லை, கைமாற்றுக் கொடுப்பாருமில்லை. அயலாரின் அன்பு குறையவில்லை. கொடுக்கத்தான் யாரிடமும் ஒன்றுமில்லை. இத்தகைய காலத்தில் சர்க்காரின் கை நீளவேண்டும். பின்னர் அவ்வருஷம் ஜூனில் மத்திய சர்க்கார் தெரு வியாபாரிகளுக்கு முதற் கடனாக 10,000 ரூபாய் வரையில் பாங்கிகள் மூலம் அளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று.

ஆராய்ச்சி காட்டுவது

மாதரை மாதரோடு சேர்ப்பதனால் வியாபாரம் வளரும் என்பது வெறும் ஆசைச் சொல்லோ என்று ஐயுறுவோரும் இருக்கலாம். அவர்களுக்காக இரண்டு சோதனைகளைக் குறிப்பிடுகிறோம். ஸேவா பாங்கியில் கணக்குள்ள மாதர் சிலருக்கு வியாபாரப் பயிற்சி அளித்தனர். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் பிரித்து, ஒரு பகுதியினரைத் தனியே வரச் சொன்னார்கள். மற்றொரு பகுதியினரை ஒரு தோழியை உடன் அழைத்துவரச் சொன்னார்கள். பாடம் ஒன்றே; ஆசிரியரும் அவரே. சில மாதங்களுக்குப் பின் பார்த்தபோது, தோழியுடன் வந்தவர்கள் கடன் வாங்கி வியாபாரத்தில் இட்டிருந்தனர்; அவர்கள் குடும்ப வருமானமும் உயர்ந்திருந்தது. தனியே வந்தவரிடம் அத்தகைய மாறுதல் காணப்படவில்லை. பெண்கள் வெளியே செல்வதைக் கட்டுப்படுத்தும் சமூகங்களைச் சேர்ந்தவருக்கே இந்நன்மை அதிகமாய் விளைந்தது. இவ்வாராய்ச்சி 2016-ல் வெளியாயிற்று.

மற்றொன்று கல்கத்தாவில் நடந்தது. கடன் குழுக்களில் சிலவற்றை வாரந்தோறும், சிலவற்றை மாதந்தோறும் கூடச் செய்தனர். வாரந்தோறும் கூடியவர்களிடையே பழக்கம் முதிர்ந்தது. கூட்டத்துக்கு வெளியிலும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்றனர். பின்னர் வாங்கிய கடனைத் தவறாமற் செலுத்துவதிலும் அவர்களே சிறந்து விளங்கினர். முன்பின் அறியாதவரிடத்தும் அடிக்கடி கூடுவதால் நம்பிக்கையை வளர்க்கலாம் என்பது இதனால் பெறப்படுகிறது. கட்டு என்பது பிறப்பினால் மட்டும் வருவதன்று. பழகினால் உண்டாக்கவும் கூடியது. சாதியைத் தாண்டிச் சங்கம் அமைக்க நினைப்போருக்கு இதைவிட ஊக்கம் தரும் செய்தி வேறில்லை.

செய்ய வேண்டுவன

இனி, தேசத் தொண்டில் ஈடுபட்டவர்கள் செய்யத்தக்கது என்ன?

தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-ம் வருஷத்தில் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அதன்படி ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைய வேண்டும். அங்கத்தினரில் 100-க்கு 40-க்குக் குறையாதவர் தெரு வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாயிருத்தல் வேண்டும். அவருள் மூன்றில் ஒரு பங்கு மாதராயிருத்தல் வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றுச் சீட்டு வழங்கும் வரையில் எவரையும் அப்புறப்படுத்தலாகாது என்பதும் சட்டம். ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து எழுந்துவந்து எந்தச் சட்டமும் தானே நடைபாதையில் நிற்பதில்லை. பூக்காரிக்கு இச்சட்டத்தைப் படித்துச் சொல்வோர் யார்? கணக்கெடுப்பில் அவள் பெயர் விட்டுப்போனால் மனு எழுதிக் கொடுப்போர் யார்? குழுவின் தேர்தலில் அவளை நிற்கவைப்போர் யார்? தங்கள் தங்கள் ஊரில் இக்குழு இருக்கிறதா, கூடுகிறதா, அதில் மாதர் வாய் திறக்கின்றனரா என்று தொண்டர்கள் விசாரிப்பதே முதற் காரியம்.

இரண்டாவது, பணம் கொடுக்கும் திட்டங்களோடு கூடும் இடத்தையும் நேரத்தையும் அமைத்துக் கொடுத்தல். தர்மபுரியில் 1989-ல் சர்வதேச உதவியுடன் தொடங்கிய மகளிர் குழுக்கள் தமிழ்நாடெங்கும் பரவின; 1992-ல் விவசாய, கிராம அபிவிருத்திக்கான தேசீய பாங்கி 500 குழுக்களைப் பாங்கிகளோடு இணைத்துத் தொடங்கிய சோதனை இன்று பல லட்சம் குழுக்களாகப் பெருகியிருக்கிறது. இக்குழுக்கள் கடன் வாங்கவும் கட்டவும் மட்டுமே கூடினால், வசூல் நிலையங்களாய்த் தேய்ந்துவிடும். ஒன்றுசேர்ந்து சரக்கு வாங்கவும், விலையை விசாரிக்கவும், அதிகாரிகளிடம் நியாயம் கேட்கவும் அவை கூடவேண்டும்.

மூன்றாவது காரியம் நம் ஒவ்வொருவர் இல்லத்திலும் ஆரம்பிப்பது. மனைவி சம்பாதித்த பணம் அவள் பெயரில், அவள் கணக்கில், அவள் விருப்பப்படி நிற்க விடுதல் வேண்டும். மேடையிலே மாதர் முன்னேற்றத்தைப் பேசிவிட்டு, வீட்டிலே அவள் சீட்டுப் பணத்தைக் கேட்டு வாங்கும் ஆண்மகன் எந்தக் கட்சிக்காரனாயினும் அவன் பேச்சுக்கு மதிப்பில்லை.

கூடைக்காரியின் கட்டு நம் தயவினால் உண்டானதன்று. நாம் பாராத காலத்திலும் அவளைப் பசியினின்று காத்துவந்தது அதுவே. அதனுடைய குறுகிய எல்லைகளை விரிக்கவும், தளைகளை அவிழ்க்கவும், சட்டம் கொடுத்த உரிமையை அவள் கைக்குச் சேர்க்கவும் துணை செய்வதே நமக்குரிய பணி. அதை உடனே தொடங்குவோமாக.